எது முக்கியம் என்று எழுதியாகிவிட்டது, ஆனால் நாள் மாறவில்லையே?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிந்துவிடும். உங்களுக்கு 34 வயது. கோவையில் ஐடி வேலை, நாலு வயதில் ஒரு மகள், பெற்றோர் பொள்ளாச்சியில். இணையத்தில் கிடைத்த நீளமான ஒரு விழுமியப் பட்டியலில் (வாழ்க்கையில் நாம் முக்கியமாக மதிப்பவை) இருந்து குடும்பம், நேர்மை, உடல்நலம், சுதந்திரம், கற்றல் என்று ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறீர்கள். மாதங்கள் ஓடிவிட்டன, நாள் பழையபடிதான் போகிறது. இதற்கு நடுவில் பதவி உயர்வோடு ஹைதராபாத் மாற்றம் வந்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பட்டியலைக் கேட்டால் ஒரு நாள் போ என்கிறது, மறுநாள் போகாதே என்கிறது. “இதெல்லாம் உண்மையிலேயே என் விழுமியங்களா, இல்லை அப்பா அம்மா ஊட்டி வளர்த்ததா? நான் போலியாக வாழ்கிறேனா?” என்று முடித்திருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. எனக்கு எது முக்கியம் என்று எனக்கே எப்படித் தெரியும் என்பது ஒன்று. தெரிந்த பிறகும் ஏன் அப்படி நடக்க முடியவில்லை என்பது இன்னொன்று. மருத்துவ உளவியல் படித்துவிட்டுப் பல வருடங்களாக ஆலோசனை அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இரண்டும் தனித்தனி வேலைகள் என்றே தோன்றுகிறது. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவது தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் சோர்ந்துபோகிறார்கள். போலியா என்ற கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

முதலில் அந்தப் பட்டியல். அதில் நீங்கள் தேர்ந்தெடுத்தது தவறில்லை, ஆனால் அதிலிருந்து உங்களைப் பற்றி அதிகம் தெரியவில்லை. ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற சமூக உளவியலாளர் 20 நாடுகளில் திரட்டிய தரவுகளை வைத்து 1992-இல் மனிதர்களின் விழுமியங்களைப் பத்து வகைகளாகத் தொகுத்தார். சொந்தமாக முடிவெடுப்பது, புதிய அனுபவம், இன்பம், சாதனை, அதிகாரம், பாதுகாப்பு, ஊரோடு ஒத்துப்போவது, மரபு, நெருங்கியவர்களின் நலம், எல்லோருடைய நலம் என்று அவற்றைச் சொல்லலாம். பிறகு 2001-இல் அவரும் அனத் பார்டியும் பல நாடுகளின் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் நெருங்கியவர்களின் நலம் மேலே இருந்தது, அதிகாரம் அடியில் இருந்தது. அதாவது ‘உங்களுக்கு எது முக்கியம்?’ என்று பொதுவாகக் கேட்டால் உலகத்தில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் ‘குடும்பம்’ என்பார்கள். அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் ஹைதராபாத் போவதா வேண்டாமா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

இதை முன்பே உணர்ந்தவர் மில்டன் ரோக்கீச் என்ற சமூக உளவியலாளர். 1973-இல் வெளியான நூலில் அவர் விளக்கிய ஆய்வுக் கருவியில் 18 வாழ்க்கை இலக்குகளும் 18 நடத்தைப் பண்புகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடச் சொல்லாமல், ஒன்று முதல் பதினெட்டு வரை வரிசைப்படுத்தச் சொன்னார். மதிப்பெண் போடச் சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒன்பது, பத்து என்று கொடுத்துவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடலாம். வரிசைப்படுத்தும்போது நல்லது ஒன்றைக் கீழே தள்ளித்தான் இன்னொன்றை மேலே வைக்க முடியும், அது வலிக்கும். நாம் யார் என்பது அந்த இடத்தில்தான் கொஞ்சம் வெளியே தெரிகிறது.

ஷ்வார்ட்ஸ் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதியும் இதுதான். அந்தப் பத்தையும் அவர் ஒரு வட்டமாக அடுக்கினார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று துணை, எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று இழுக்கும். சொந்தமாக முடிவெடுப்பதும் புதிய அனுபவமும் ஒரு பக்கம், பாதுகாப்பும் மரபும் ஒத்துப்போவதும் எதிர்ப்பக்கம். இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். சுதந்திரமும் கற்றலும் இருக்கின்றன, குடும்பமும் இருக்கிறது. பட்டியல் இரண்டு பக்கமும் பேசுவது உங்கள் குழப்பத்தால் வந்ததில்லை. உங்களுக்கு நிஜமாகவே இரண்டும் வேண்டும். ஒருவருக்குள் எதிரெதிர் விழுமியங்கள் இருப்பது மனித மனத்தின் இயல்பு, அதைப் போலித்தனம் என்று எண்ணி உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் எங்கே தேடுவது? நல்லது இரண்டு மோதிக்கொண்ட பழைய சந்தர்ப்பங்களில். என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பதும் இதைத்தான்: கடந்த சில வருடங்களில் எதையாவது பெற எதையாவது விட்டுக்கொடுத்த மூன்று சமயங்களைச் சொல்லுங்கள். பெரிய முடிவாக இருக்க வேண்டியதில்லை. நண்பன் கல்யாணத்துக்குப் போகாமல் தேர்வுக்குப் படித்தது, அதிகச் சம்பளம் தந்த இடத்தை மேலாளரின் பேச்சு பிடிக்காமல் விட்டது, ஊர்த் திருவிழாவுக்காக ஒரு பயிற்சி வகுப்பைத் தவறவிட்டது, இப்படி எதுவும் சரி. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள். என்ன கொடுத்தேன், இன்று மறுபடியும் அதே சந்தர்ப்பம் வந்தால் அதே விலையைக் கொடுப்பேனா? இரண்டாவது வரி மிகவும் முக்கியம். நாம் செய்ததெல்லாம் நம் விழுமியத்தைக் காட்டாது. பயத்திலும் செய்திருப்போம், பழக்கத்திலும் செய்திருப்போம். ஆனால் விலை தெரிந்த பிறகும் ‘ஆமாம், மறுபடியும் கொடுப்பேன்’ என்று மனம் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டால், அச்செடுத்த பட்டியலைவிட நம்பகமான ஒன்று கையில் இருக்கும்.

இன்னொரு இடமும் உண்டு, அது அவ்வளவு சௌகரியமானதில்லை. உங்களுக்கு யாரைப் பார்த்தால் பொறாமை வருகிறது, அவரிடம் உள்ள எதைப் பார்த்து? எந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது? சம்பளத்தைப் பற்றிச் சொந்தக்காரர் கேட்டால் ஒன்றும் தோன்றாமல், ‘பொண்ணு உங்கிட்ட ஒட்டவே மாட்டேங்கிறாளே’ என்று யாரோ சாதாரணமாகச் சொன்னது ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தால், அங்கே நீங்கள் பெரிதாக மதிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. அக்கறை இல்லாத இடத்தில் அடி விழுந்தால் நமக்கு இவ்வளவு வலிக்காது.

அடுத்து, ‘குடும்பம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது இன்னும் முழுப் பதிலாகவில்லை. அது வாழ்க்கையின் ஒரு பகுதியின் பெயர். அந்தப் பகுதியில் நான் எப்படிப்பட்ட ஆளாக இருக்க விரும்புகிறேன் என்பதுதான் கேள்வி. சம்பாதித்துப் போடுபவராகவா, பக்கத்தில் இருப்பவராகவா, நம்பி எதையும் சொல்லக்கூடியவராகவா, கண்டிப்பாக வழிநடத்துபவராகவா? எல்லாமே குடும்பப் பற்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான செவ்வாய்க்கிழமையைக் கேட்கும்.

ஒரு பெண்மணி வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பிரிவு, ஒரே மகன், பிளஸ் ஒன் படிக்கிறான். ‘எனக்கு எல்லாமே அவன்தான்’ என்றார். சொன்னது நிஜம். டியூஷன் கட்டணம், ஷூ, புத்தகம், சத்துமாவு என்று அவர் போனில் பணம் அனுப்பிய வரலாறு முழுக்க மகன்தான். “சரி, அவனாக வந்து உங்களிடம் கடைசியாக எதைப் பற்றிப் பேசினான்?” என்று கேட்டேன். யோசித்தார், ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம், தன் அம்மாவிடம் தான் எதையுமே சொல்ல முடியாமல் வளர்ந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மகன் தயங்காமல் வந்து பேசக்கூடிய அம்மாவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு உயிர். ஆனால் அவர் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தது வேறு ஒரு நல்ல காரியம், குறையில்லாமல் வாங்கிக்கொடுப்பது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மிகச் சின்ன மாற்றம். ராத்திரி ஏழரைக்கு அவன் தோசை சாப்பிடும்போது இவர் அடுப்படியில் நின்று ஊற்றிக்கொண்டே கடைக் கணக்குக் குழுவில் வரும் செய்திகளுக்குப் பதில் போடுவார். இனி தோசையை முன்கூட்டியே ஊற்றி வைத்துவிட்டு, போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, தானும் தட்டோடு எதிரில் உட்காருவது. கேள்வி கேட்கக் கூடாது. முதல் நாள் அவன் நிமிர்ந்து பார்த்து, “என்னம்மா, என்ன வேணும் உனக்கு?” என்று கேட்டானாம். அந்த வாரம் முழுக்க அவன் தன் போனையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான், தோசையும் ஆறிப்போயிருந்தது. இவருக்கு எழுந்து போய்விடலாம் என்றே இருந்திருக்கிறது. சில வாரங்கள் கழித்து அவனாகப் பேசினான். பேசியது படிப்பைப் பற்றி இல்லை, பழைய பைக் ஒன்றை வாங்குவதைப் பற்றி. அந்தப் பேச்சே இவருக்குப் பிடிக்காதது. ‘வேண்டாம்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “என்ன வண்டி?” என்று கேட்டிருக்கிறார். விழுமியத்தின்படி நடப்பது நல்ல உணர்வைத்தான் தரும் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அந்த நிமிடத்தில் அவருக்கு வயிற்றைப் பிசைந்தது, ஆனாலும் தான் விரும்பிய அம்மாவாக அவர் இருந்த நிமிடம் அதுதான்.

இப்போது நீங்கள் கேட்ட மற்றது, எது என்னுடையது, எது அப்பா அம்மா ஊட்டியது? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எல்லாமே யாரிடமிருந்தாவது வந்ததுதான். நீங்கள் பேசும் தமிழும் அவர்கள் கொடுத்தது, அதனால் அது உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் உருவாக்கிய சுயநிர்ணயக் கோட்பாட்டில் இதற்கு உதவும் ஒரு வேறுபாடு இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு விதியை, செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி வரும், நாலு பேர் ஏதாவது சொல்வார்கள் என்பதற்காகச் செய்வது ஒரு நிலை. அதே விதியை, அதன் பயன் எனக்குப் புரிகிறது, இது எனக்கும் முக்கியம் என்று ஏற்றுச் செய்வது வேறு நிலை. வெளியில் இருந்து பார்த்தால் செயல் ஒன்றுபோலவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்குப் போய் அப்பாவோடு இருப்பது இரண்டு விதமாகவும் நடக்கலாம்.

உங்களுடையது எந்த விதம் என்று பார்க்க, இப்படி நினைத்துப் பாருங்கள். நீங்கள் போனது யாருக்கும் தெரியாது, போகாவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்பாவே போனில், ‘வர வேண்டாம்ப்பா, நாங்க நல்லாத்தான் இருக்கோம்’ என்று மனதாரச் சொல்லிவிட்டார். அப்போது உங்களுக்குள் வருவது வெறும் நிம்மதியா, இல்லை நிம்மதியோடு சேர்ந்து ஒரு இழப்பா? இழப்பு தெரிந்தால் அது அவர்கள் கொடுத்ததாகவே இருந்தாலும் உங்களுடையதாகிவிட்டது. நம் குடும்பங்களில் நான் அதிகம் பார்ப்பது கலப்புதான், ஒரே காரியத்தில் பாதி கடமைப் பயம், பாதி உண்மையான பாசம். முழுக்கத் தூய்மையான காரணம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பாசம் இருக்கும் பாதியைக் கண்டுபிடித்து அதற்கு இடம் கொடுத்தால் போதும். வாரா வாரம் ஒருநாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டு வருவதற்குப் பதிலாக, மாதம் இரண்டு முறை போய் அப்பாவை அவருக்குப் பிடித்த இடத்துக்குக் கூட்டிப்போவது அந்தப் பாதியிலிருந்து வருவதாக இருக்கலாம்.

சரி, தெரிந்த பிறகும் ஏன் நடக்க முடியவில்லை? இதில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் நடந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1973-இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்டது. பாதிரியாராகப் படிக்கும் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகும்படி ஏற்பாடு. அவசரமே இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். கொஞ்சம் அவசரம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 45 சதவீதம். ‘நேரமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். மொத்தமே 40 மாணவர்கள்தான், அதனால் இந்த எண்களைச் சட்டம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. பிறருக்கு உதவுவதையே வாழ்க்கையாகத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களைக்கூட சில நிமிட அவசரம் கடந்துபோக வைத்துவிட்டது. அவர்களுடைய விழுமியம் பொய் என்று நான் நினைக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவர்களுடைய கண்ணைக் கடிகாரம் பிடித்திருந்தது. உங்களை நான் போலி என்று சொல்லாததற்கு இதுதான் காரணம். காலையில் எட்டரைக்கு ஒரு கூட்டம், ராத்திரி பத்துக்கு அமெரிக்க நேரத்தில் இன்னொன்று என்று ஓடுகிறவருக்கு மேசைக்கு மேல் ஒட்டிய தாள் கண்ணில் படவே படாது.

அதனால் விழுமியத்தை நினைவில் வைத்துக்கொள்வதைவிட அதற்கு நேரமும் இடமும் குறிப்பதில்தான் பலன். ‘இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னது நடந்தால், நான் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே கட்டிவைத்த திட்டத்தைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நீண்ட காலம் ஆய்வு செய்தார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறுமனே ‘செய்ய வேண்டும்’ என்று நினைப்பதைவிட இப்படித் திட்டமிடுவது காரியத்தை முடிக்கக் கணிசமாக உதவுவது தெரிந்தது. உடல்நலம் முக்கியம் என்பதை ‘காலையில் மகளை வேனில் ஏற்றிவிட்டதும் வீட்டுக்குள் திரும்பாமல் அப்படியே இருபது நிமிடம் நடப்பேன்’ என்று எழுதுங்கள். ஒரே ஒரு விழுமியத்துக்கு ஒரே ஒரு வரி. ஐந்துக்கும் ஒரே வாரத்தில் எழுதினால் ஐந்தும் போய்விடும்.

எதில் ஆரம்பிப்பது என்று தெரிய, உளவியலாளர் கெல்லி வில்சன் உருவாக்கிய கேள்வித்தாளின் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். வாழ்க்கையின் பத்துப் பகுதிகள்: தாம்பத்தியம், பிள்ளை வளர்ப்பு, மற்றக் குடும்பம், நட்பு, வேலை, கல்வி, பொழுதுபோக்கு, ஆன்மிகம், சமூகப் பங்களிப்பு, உடலைக் கவனிப்பது. ஒவ்வொன்றுக்கும் இது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு ஒரு எண் போட வேண்டும். பிறகு, கடந்த ஒரு வாரத்தில் நான் அதற்கேற்றபடி எவ்வளவு நடந்தேன் என்று இன்னொரு எண். வருடம் முழுக்க யோசித்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள இடம் இருக்கும், ஒரு வாரத்தில் அது குறைவு. முக்கியம் ஒன்பது, நடந்தது மூன்று என்று வரும் இடத்தைப் பாருங்கள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் மனம் உடனே தன்னைத் திட்ட ஆரம்பிக்கும், அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அங்கே என்னைத் தடுப்பது எது என்ற கேள்வி மட்டும் போதும். சில சமயம் நேரம் தடுக்கும். பல சமயம் தடுப்பது ஒரு சங்கடம். வீட்டுக்குச் சீக்கிரம் போனால் அப்பாவின் நோயைப் பார்க்க வேண்டும், மனைவியிடம் பேச வேண்டிய ஒன்றைப் பேச வேண்டும், அதனால் அலுவலகத்தில் வேலை இருந்துகொண்டே இருக்கும். ஸ்டீவன் ஹேய்ஸும் அவருடைய சகாக்களும் வளர்த்த, ஏற்றலையும் ஈடுபாட்டையும் அடிப்படையாகக் கொண்ட சிகிச்சைமுறையின் மையமே இதுதான். அந்தச் சங்கடம் போகட்டும், அப்புறம் நடக்கலாம் என்று காத்திருக்காமல், அதைக் கூட வைத்துக்கொண்டே முக்கியமானதை நோக்கி ஒரு அடி எடுத்துவைப்பது.

இதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். விழுமியங்கள் ஒன்றோடொன்று மோதும், சூழ்நிலை அவற்றை மறைத்துவிடும், திட்டமிட்ட சிறு செயல் உதவும், இவற்றை நான் உறுதியாகச் சொல்வேன். மேலே சொன்ன சிகிச்சைமுறைக்கு நாள்பட்ட வலி, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றில் நல்ல ஆய்வு ஆதரவு இருக்கிறது. ஆனால் அது பல உத்திகள் சேர்ந்த ஒன்று, பலனில் எவ்வளவு பங்கு விழுமியப் பயிற்சிக்கு மட்டும் சேரும் என்று பிரித்துச் சொல்வது கடினம். ‘உங்கள் விழுமியங்களைப் பற்றிப் பதினைந்து நிமிடம் எழுதினால் போதும்’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். 2006-இல் ஜெஃப்ரி கோஹன் குழுவினர் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் அப்படி எழுத வைத்ததில், கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்ததாக அறிவித்தார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. பழைய சந்தர்ப்பங்களை எழுதச் சொன்னேனே, அதுவும் ‘யாருக்கும் தெரியாது’ என்ற கேள்வியும் என் அனுபவத்தில் பயன்பட்டவை, அளந்து நிரூபிக்கப்பட்டவை என்று நான் சொல்லவில்லை.

என் அனுபவத்துக்கும் எல்லை உண்டு. என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கட்டணம் கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரக்கூடியவர்கள். கடனில் மூழ்கி இரண்டு ஷிப்ட் பார்ப்பவரிடம் ‘உங்கள் விழுமியத்தின்படி வாழுங்கள்’ என்று சொல்வது அநியாயம். அவருக்கு முதலில் வேண்டியது கடனுக்கு ஒரு வழி. சாதி மாறிக் காதலித்துவிட்டு, வீட்டில் சொன்னால் உயிருக்கே ஆபத்து என்று வருபவர்களிடம் நான் விழுமியம் பேசுவதில்லை, பாதுகாப்பைப் பற்றித்தான் பேசுவேன். மனச்சோர்வு இருக்கும்போதும் இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்வது பொருந்தாது. எதுவுமே முக்கியமாகத் தெரியவில்லை, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருக்கிறது, பிடித்ததும் பிடிக்கவில்லை என்றால் அது விழுமியம் தெரியாத பிரச்சினை இல்லை. முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். உங்கள் எழுத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

கடைசியாக ஹைதராபாத். எந்த விழுமியப் பயிற்சியும் போ, போகாதே என்று சொல்லாது. நல்லதும் நல்லதும் மோதும்போது இரண்டு பாதையிலும் நேர்மையாக வாழ முடியும், போனால் எப்படிப் போவது, இருந்தால் எப்படி இருப்பது என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. சாதகம், பாதகம் என்று இரண்டு பத்தி போடுவதை நிறுத்திவிட்டு, ஒன்றரை வருடம் கழித்து வரும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை இரண்டு ஊரிலும் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், மகளைப் பள்ளிக்கு யார் கொண்டுவிடுகிறார்கள், புதிதாக என்ன கற்றுக்கொண்டிருக்கிறீர்கள், ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்று போன் வந்தால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்களா, இல்லை விமானம் பிடிக்க வேண்டுமா, பிடிப்பதற்குள் அங்கே யார் போவார்கள். போவதாக முடிவானால் அந்த ‘யார்’ என்பதற்கு ஒரு பெயரும், மாதத்தில் எந்த வாரம் ஊருக்கு வருவீர்கள் என்பதும் பதில் சொல்வதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இருப்பதாக முடிவானால், கற்றல் என்று எழுதினீர்களே, அதற்குக் கோவையில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது முடிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறை சில வருடங்களில் பெற்றோர் மேல் கோபமாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அப்பா, அம்மா, மகள், மேலாளர் என்று எல்லோரும் வருகிறார்கள், உங்கள் மனைவி ஒரு வரியில்கூட வரவில்லை. அவர் இருக்கிறாரா, பிரிந்திருக்கிறீர்களா என்பது எனக்குத் தெரியாது, விட்டுப்போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம். அவர் கூடவே இருக்கிறார் என்றால், உங்கள் இரண்டு செவ்வாய்க்கிழமைகளை அவரிடம் காட்டுவதற்கு முன்னால், அவருடைய இரண்டையும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு பேர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அதற்குப் பிறகு மேலாளருக்குப் பதில் எழுதுங்கள்.